வெயிட்டும் எக்ஸ்பெக்டும்: விழுப்புரத்துத் தோழிக்கு

பேரன்பிற்குரிய தோழியாருக்குத் திண்டிவனத்திலிருந்து பணிவான வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டுக்கு மேலாகியும் ஒரு வரியேனும் எழுதாதிருந்தமையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தையலறை முழுதும் பட்டாளத்துக் கம்பளியின் வாடை. காலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றவர் தங்கள் கணவர். யுத்தத்தில் பிடிபட்டு மலாயாவில் சிறைப்பட்டுக் கிடந்தாராம். விழுப்புரம் வீட்டில் வேறு குடி இருப்பதைக் கண்டு, தங்கள் மறைவைக் கேள்வியுற்று, என்னிடம் வந்திருந்தார். கேப்பைக் கூழ் கொடுத்தேன்; தொடவில்லை.

"என்னிய எதிர்பாத்துக்கினு இருந்தாளாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஆம் என்று சொல்லிவிட என் நா எழவில்லை. காரணம் தாங்களே அறிவீர்கள்.

எவரிடமும் பாடம் கேளாமல், ஒரு பழைய அகராதியை மட்டும் துணைக்கொண்டு நான் கற்ற ஆங்கிலத்தில் எனக்குப் பெருமை உண்டு. விழுப்புரம் ஜங்ஷனில் நூற்கண்டு மூட்டையோடு நான் வண்டிக்கு நின்றிருந்த அன்று, வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லிலிருந்து தலையெல்லாம் தூசியோடு வந்தீர்கள். எதிரே இருந்த பலகையைப் படிக்கச் சொன்னீர்கள். 'வெயிட்டிங் ரூம்' என்றேன். 'வெயிட்' என்றால் இருந்த இடம் விட்டு அகலாமல் காத்திருப்பது. 'எக்ஸ்பெக்ட்' என்றால் வரும் என்று மனத்தில் எண்ணுவது, அதை எங்கிருந்தும் செய்யலாம் என்று விளக்கினேன்.

"அப்ப ரயிலு வராதுன்னு நெனைக்கிறவன் இங்க குந்தலாமா?"

"குந்தலாம். பைத்தியம் என்பார்கள்."

"என்னியத்தான் சொல்றாங்களே," என்று சிரித்தீர்கள்.

பிரம்மதேசம் கிராமத்திலிருந்து தங்கள் மாமியார் வந்துபோன வாரம் அது. "சிங்கப்பூரே ஜப்பான்காரன் கைக்குப் பூட்ச்சி, அவன் எங்க வரப்போறான்? பொட்ட அழிச்சிட்டு ஊரோட வந்து சேரும்மா," என்றாராம். தனியே துன்புறுவானேன், போய்விடுங்கள் என்று நானும் சொன்னேன்.

"வருவாருன்னு நான் நெனைக்கலக்கா. வந்தா இந்த வூட்டுக்குத்தான வருவாரு? அப்ப ஆளு இருக்கணும் இல்ல?" என்றீர்கள்.

காய்ச்சலில் தாங்கள் போன அன்று, பொட்டில்லாமல்தான் எடுக்க வேண்டும் என்று நின்றார்கள் உறவினர். நான் வாதாடவில்லை. குங்குமத்தை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்தேன். தங்கள் கணவர் உயிரோடிருப்பார் என்று நானும் எண்ணியிருக்கவில்லை.

எதிர்பார்த்தீர்கள் என்றால் அது பொய். இல்லை என்றால் அந்த மனிதர் அதோடு எழுந்து போய்விடுவார். ஆகவே தாங்கள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். கம்பளியை மடித்தார்; பிரித்தார்; மீண்டும் மடித்தார்.

"விழுப்புரத்துக்கு வண்டி எப்பக்கா?"

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்ல. அவ குந்தியிருந்த எடத்துல கொஞ்சம் குந்திக்கினு இருக்கிறேன்."

அவர் போனதிலிருந்து என் கை ஊசியில் நிலைக்கவில்லை. எழுந்து எழுந்து தெருவைப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து மறுமொழி வரும் என்று நான் எண்ணவில்லையடி. ஆயினும் தபால்காரர் வரும் வேளையில் இந்த வாசலை விட்டு அகல மாட்டேன்.

விரைவில் பதில் எழுது.