மன்னாரிலிருந்து மூன்று மலை நடைகள்

2017 ஜனவரி 8, ஞாயிறு

பூசையால் வந்த கையோடு என் மனிசன் எட்வேட்டிடம் சொல்லிவிட்டேன். பெப்ரவரியில் மலைநாட்டுக்குப் போகிறோம். மூன்று நாள், நாளுக்கு ஒரு நடை. "மலையில எனக்கென்ன வேலை, பெற்றி?" என்றார். ஒரு வேலையும் இல்லை, அதனால்தான் போகிறோம் என்றேன்.

இவர் சங்கு குளிக்கப் போன இடத்தில் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து, இடது கால் இழுபடத் தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. காற்றுச் சிலிண்டர் பழுது என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எனக்கும் சொல்லவில்லை, வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. டொக்டர் நடக்கச் சொல்கிறார். இவர் கதிரையை விட்டு எழும்புவது சாப்பாட்டுக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைக் கட்டிலால் இறக்கி நடக்கவைத்த கை இது. புருசனை நடக்கவைக்க முடியாதா?

ஜனவரி 11

சிவலட்சுமியோடு ரெலிபோனில் கதைத்தேன். முன்பு என்னோடு ஒரே வாட்டில் வேலை செய்த தாதி. இப்போது சொந்த ஊரான பண்டாரவளையில் இருக்கிறாள். "தாராளமா வாங்க அக்கா, நம்ம வீட்டிலயே தங்கலாம்" என்றாள். பெப்ரவரியில் மழை குறைவு, அட்டைக் கடியும் குறைவாம். ஆனால் விடிந்த உடனே கிளம்பிவிட வேண்டும், பத்து மணிக்குப் பிறகு மேகம் வந்து மூடினால் பக்கத்தில் நிற்கிற ஆளையும் தெரியாதாம்.

இரண்டு பேருமாகத் திட்டம் போட்டுவிட்டோம். முதல் நாள் டம்பேதென்னைத் தேயிலைத் தோட்டத்து ரோட்டால் மேலே. ரோட்டு அகலமானது, களைத்தால் எங்கேயும் இருக்கலாம். இழுபடுகிற காலுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் பொல்லாதது, ஆகவே திரும்பி வர ஓட்டோ. இரண்டாம் நாள் எல்லவில் சின்னச் சிவனொளிபாதமலை. மூன்றாம் நாள் சிவலட்சுமி வீட்டுக்கு மேலே தோட்டப் பாதையில் மெதுவாக ஒரு நடை. கஷ்டமானதை நடுவில் வைத்தது என் யோசனை. நல்ல யோசனை.

ஜனவரி 15

பழகுவதற்கு மன்னாரில் ஒரு மேடு கிடையாது! கடைசியில் கோட்டை மதில்தான். ஏறி இறங்கச் சொன்னேன். கீழே நின்ற இரண்டு கழுதைகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. "இதுகளுக்குப் புத்தி இருக்கு, கீழ நிக்குதுகள்" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி. சிரிக்காமல் இன்னொரு தரம் ஏறச் சொன்னேன்.

ஜனவரி 22

இன்று வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். "என்னை வச்சு ஊருக்கு வேடிக்கை காட்டாதை" என்றார். நான் தனியாகப் போய் மதிலில் நடந்துவிட்டு வந்தேன். அழவில்லை. காற்றுக்குக் கண்ணில் தண்ணி வரும்தானே.

ஜனவரி 29

எனக்கு முன்னமே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மதிலுக்கு நடந்தோம்.

பெப்ரவரி 10, வெள்ளி, பண்டாரவளை

டம்பேதென்னை முடிந்தது. அப்படியே நான் சொன்னபடி! வளைவுக்கு வளைவு இருந்து இளைப்பாறி ஏறினோம். கொழுந்து பறிக்கும் பெண்கள் எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். மன்னார் என்றதும் கருவாடு கொண்டுவரவில்லையா என்றார் ஒருவர். இவர் நின்று அவரோடு கருவாட்டுக் கதை கதைத்தார். அறியாத ஆளோடு, தானாகவே.

நாளைக்கு எல்ல. கால் வீங்கவில்லை. எல்லாம் என் கைக்குள்தான்.

பெப்ரவரி 11, சனி

என் கைக்குள் ஒன்றும் இல்லை.

இருக்கிறபடி எழுதுகிறேன். முதல் உச்சி வரை படி, சுகமாக ஏறினோம். அதற்கு அப்பால் அடுத்த உச்சிக்கு ஒடுக்கமான வரப்பு மாதிரி ஒரு பாதை. இரண்டு பக்கமும் நிலம் இறங்கிக்கொண்டே போகிறது. எங்கட ஊரில் கீழே என்று ஒரு இடமே இல்லையே. நான்தான் முன்னால் போனேன். பாதி வழியில் தலை சுற்றியது. அப்படியே குந்திவிட்டேன். முன்னாலும் ஏலாது, பின்னாலும் ஏலாது. செபமாலைப் பக்தி உள்ள எனக்கு ஒரு செபம்கூட வாயில் வரவில்லை. எழும்பி ஓடிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது, கையை ஊன்றி எழும்பப் பார்த்தேன்.

"ஓடாதை பெற்றி. இரு" என்றார். பக்கத்தில் குந்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். கீழே பார்க்காதே, புல்லைப் பார், ஆறுதலாக மூச்சை விடு என்றார். நான் நோயாளிகளுக்குச் சொல்வது எல்லாம் அவர் எனக்குச் சொல்கிறார்.

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சிலிண்டருக்கு ஒண்டும் நடக்கேல்லை. அண்டைக்கு என்ர தலைக்கு மேலால ஒரு பெரிய நிழல் போச்சுது. என்ன மீனோ தெரியாது. அது தன்ர பாட்டில போயிருக்கும். நான் பயந்திட்டன். பயத்தில மேல ஓடி வந்தனான். இடையில நிண்டு நிண்டு வந்திருந்தா கால் போயிராது."

இருபது வருடம் கடலுக்கு அடியில் போய் வந்த மனிசன். பயந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டா இவ்வளவு நாளும் கதிரையில் இருந்தது? "நானும்தான் பயந்து போனன்" என்றேன். "தெரியுது" என்றார்.

எவ்வளவு நேரம் இருந்தோமோ. மேகம் ஏறி வந்து இரண்டு பக்கத்துப் பள்ளத்தையும் மூடிவிட்டது. பள்ளம் மறைந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் முன்னால், நான் அவருடைய சேட்டு நுனியைப் பிடித்தபடி பின்னால். இடது காலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தார். அடுத்த உச்சிக்குப் போகவில்லை. வந்த வழியே இறங்கினோம்.

பெப்ரவரி 12

தோட்டப் பாதை. நடந்தோம், தேத்தண்ணி குடித்தோம். எந்தப் பாதை, எங்கே திரும்புவது, எல்லாம் அவரே சிவலட்சுமியிடம் கேட்டு முடிவு செய்தார். ஒரு இடத்தில் பிழையாகக் கூட்டிப்போனார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

பெப்ரவரி 19, ஞாயிறு, மன்னார்

பின்னேரம் அம்புறோஸ் வந்தார், இவரோடு ஒரே வள்ளத்தில் சங்கு குளித்தவர். மலைக் கதை கேட்க வந்தாராம். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். மலையில் உங்கள் இரண்டு பேரில் ஆர் பயந்தது என்று அம்புறோஸ் பகிடியாகக் கேட்டார்.

"நான்தான்" என்றார் இவர். "அங்கயில்லை. கடலுக்கு அடியில."

எல்லாவற்றையும் சொன்னார். நிழல், ஓடி வந்தது, சிலிண்டர் என்று பொய் சொன்னது. அம்புறோஸ் சிரிக்கவில்லை. பிறகு தனக்கும் ஒருதரம் அப்படி வந்தது, அரிப்பு ஊர்க் கடலில், மனிசிக்கும் சொல்லவில்லை என்று அவர் தொடங்கினார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோகாமல் நின்றுவிட்டேன். ஆறினால் திரும்ப ஊற்றலாம்.

போகும்போது, நாளைக்குக் காலமை கரைக்கு வாறியா, ஆக்கள் உன்னைக் கேட்கிறாங்கள் என்றார் அம்புறோஸ். வாறன் என்றார் இவர். எத்தனை மணிக்கு என்றும் அவரே கேட்டார்.

இதில் என் திட்டம் ஒன்றும் இல்லை.