பட்டறைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னவனுக்கு

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அட்டை என் மேசையில் கிடக்கிறது. போன ஞாயிறு உன் மனைவி அச்சகத்திலிருந்து நேரே கொண்டுவந்து தந்தாள். மை வாசனை இன்னும் போகவில்லை. மூலையில் உன் முகம் சின்னதாக இருக்கிறது. மீதி இடத்தையெல்லாம் அந்தப் படம் பிடித்திருக்கிறது. சுத்தியல் பட்டு ஒரு கிளாஸ் வெடிக்கிறது. உள்ளே சிவப்புச் சோடா. கிளாஸ் சிதறிவிட்ட செய்தி சோடாவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கிளாஸின் வடிவத்திலேயே அந்தரத்தில் நிற்கிறது.

"சின்ன வயசுக் கூட்டாளி நீங்கதானே அண்ணன், அவரப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்றாள். செத்தவனைப் பற்றி நல்லது மட்டும்தான் எழுத வேண்டுமாம். நானும் நல்லதிலிருந்துதான் தொடங்கினேன்.

நீ ரேடியோவும் போனும் திருத்துகிறவன். நான் கல்முனை வீதியில் பஸ் ஓட்டியவன். நம் இருவருக்கும் எதற்கு இந்த வேலை? எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஒரு சின்ன மைக்கையும் ஃபிளாஷையும் நீயே கம்பியால் பிணைத்தாய். அறையை இருட்டாக்கி, கமராவைத் திறந்தபடி விட வேண்டும். பொருள் உடையும் சத்தம் மைக்கில் விழுந்ததும் ஃபிளாஷ் மின்னி அணையும். அந்த மின்னலில் தெரிந்தது மட்டும்தான் படம். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் சத்தம் போய்ச் சேரத் தாமதமாகும், அதற்குள் பொருள் இன்னும் கூடுதலாக உடைந்திருக்கும். நீ விளக்கும்போது பள்ளிக்கூடத்தில் விளங்காததெல்லாம் எனக்கு விளங்கியது. அதை நான் மறுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானங்களில் குருக்கள்மடத்தில் உன் வீட்டு முன்னறையில் அடைந்து கிடந்தோம். ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை. காற்றாடிச் சத்தத்தில் மைக் ஏமாந்துவிடும் என்று அதையும் நிறுத்திவிடுவாய். உடைக்கிற வேலை எப்போதும் எனக்கு. தயிர்ச் சட்டிகளைத் தயிரோடு போட்டு உடைத்தோம். சுவரைக் கழுவிக் கழுவி உன் மனைவிக்குக் கை வீங்கியது. ஒரு நாள் நான் சட்டியை ஓங்கியபடி நிற்க, கூரையில் பல்லி சொல்லி ஃபிளாஷ் மின்னிவிட்டது. படத்தில் நான் சட்டி திருட வந்தவனைப் போல் நின்றேன். "பல்லி நல்லதுக்குச் சொல்லல்ல, நிப்பாட்டுங்க ரெண்டு பேரும்" என்றாள் உன் மனைவி. நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படிச் சிரித்ததால்தான் உன்னை இவ்வளவு வெறுக்க முடிகிறது.

கிளாஸ் உடைக்கும் நாளில் வெல்டிங் பட்டறையில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கண்ணாடியைக் கண்ணுக்குப் போட்டிருந்தேன். முதல் படத்தைப் பார்த்து நீ முகம் சுளித்தாய். என் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் கிளாஸில் இரண்டு வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது. "கழட்டு மச்சான் அத. ஒருக்கா அடி, மறுகா போடலாம்" என்றாய். கழற்றினேன். அடித்தேன்.

முகமெல்லாம் ஈரம். வலது கண்ணில் நெருப்பு. "எனக்கு என்னமோ ஆகிட்டு" என்று கத்தினேன். நீ கமராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "சோடாதான் மச்சான், துடை. வந்திட்டு, படம் வந்திட்டு" என்றாய். துடைத்த கையில் சோடாவும் இருந்தது, மற்றதும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத்தான் கேட்டார். நீ முந்திக்கொண்டாய். "கண்ணாடி போடச் சொன்னன் டொக்டர். இவன் கேக்கல்ல." பயத்தில் சொல்கிறாய், நாளைக்குத் திருத்திவிடுவாய் என்று பேசாமல் கிடந்தேன். அந்த நாளை ஒன்பது வருடமாக வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ தோட்டத்தையே மறைத்தாய். படத்துக்குப் பரிசு வாங்கி, சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாய். ஒற்றைக் கண்ணனிடம் யார் பஸ்ஸைக் கொடுப்பான்? நான் ஓட்டிய அதே பஸ்ஸின் மிதிபலகையில் நின்று "களுவாஞ்சிக்குடி, கல்முனை" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். என் மகளுக்கு அப்போது பத்து வயது. இன்றும் நான் கத்தியைத் தொட்டால் வந்து வாங்கிவிடுவாள். "தாங்க அப்பா, உங்களுக்குக் கவனம் இல்ல." கண் போனதற்கு நான் அழவில்லை. இதற்கு அழுதிருக்கிறேன். அவளிடம் மட்டுமாவது உண்மையைச் சொல் என்று உன் கடைக்கு வந்து கேட்டேன். நீ பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பழசக் கிளறாத மச்சான்" என்றாய். பிறகு மாரடைப்பு வந்து, சாவிலும் முந்திக்கொண்டாய்.

இதைத்தான் அந்த ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். உன் மனைவி நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை.

"அண்டைக்கே எனக்குச் சொன்னவர் அண்ணன்" என்றாள். "அவர்ர வாயாலதான் வெளிய வரணும் எண்டு நானும் பொத்திக்கொண்டு இருந்திட்டன். பிள்ளைகள் படிக்கிற புத்தகம், இது வேணாம்."

"புத்தகத்தில போட வேணாம்" என்றேன். "என்ர மகளிட்ட வந்து சொல்லு."

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நேற்றுப் பின்னேரம் வந்தாள். நீ ஒன்பது வருடம் விழுங்கியதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் போனாள். உன் வீட்டில் ஆண்பிள்ளை யார் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

மகள் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு, "நீங்க ஏன் அப்பா சொல்லல்ல?" என்று கேட்டாள். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் தேவாரம் போடுகிறார்களாம்.

ஒன்றை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ஃபிளாஷ் முதலில் மின்னியது, கிளாஸ் சில்லு பிறகுதான் கண்ணுக்கு வந்தது. நடுவில் இருந்த அந்தத் துளி நேரத்தில் எனக்கு இரண்டு கண்ணும் இருந்தன. இரண்டாலும் சேர்ந்து நான் கடைசியாகக் கண்டது மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற உன் முகத்தை. கண்ணை மூடினால் இன்றும் நீ அப்படியே நிற்கிறாய், மேலுதட்டில் வியர்வைத் துளிகூட அசையாமல். உன்னுடைய இவ்வளவு தெளிவான படம் உன் மனைவியிடம்கூட இல்லை. அதில் நீ என்னைப் பார்க்கவில்லை, மச்சான். கிளாஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.