புருவம் செல்லாது

ஆர்கன்சா,
நவம்பர் 9

அன்புள்ள நெய்மோனுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் யோக்வே. நானும் லிஜோனும் சுகம். உன் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கஞ்சியாவது இறங்குகிறதா? போனில் கேட்டால் நீ அழுகிறாய், இல்லையென்றால் நம் தீவில் லைன் அறுந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோழி ஆலையில் வேலைக்குக் குறைவில்லை. உன் மகளுக்குத் தலை பின்னத்தான் எனக்கு இன்னும் வரவில்லை. போன ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்துவிட்டு, படகு கட்டுற கயிறாப்பா இது என்கிறாள்.

போன மாதம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நம் தீவு மொழி, மார்ஷலீஸ் என்று எழுதினேன். பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படி என்பதற்கு, நன்றாக வரும் என்று எழுதினேன். பிறகு புது டீச்சர் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சோதித்திருக்கிறார். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதாம்! இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு இறக்கப் போகிறோம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். என்னோடு ஆங்கிலத்திலேயே சண்டை போடுகிறவளுக்கு இந்தக் கதி.

நானும் சண்டை போடத்தான் போனேன். ஆனால் டீச்சர் நல்ல பெண். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். புருவத்தைத் தூக்கினேன். மறுபடியும் கேட்டார். தூக்கினேன். மூன்றாம் தடவை, காது கேளாதவனிடம் பேசுவதுபோல் சத்தமாகக் கேட்டார். நானும் முடி வரைக்கும் தூக்கிக் காட்டினேன்.

பக்கத்தில் இருந்த நம் மகளுக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், அப்பா மூணு தரம் ஆமான்னு சொல்லிட்டாரு! எங்க வீட்ல ஆமான்னா புருவம்தான். நீங்க சோதிச்ச அன்னைக்கு நானும் அப்படித்தானே சொன்னேன்? நீங்கதான் பாக்கவே இல்ல!" என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிவிட்டாள். டீச்சர் முகம் சிவந்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். லிஜோன் இரண்டாம் வகுப்பிலேயேதான் இருக்கிறாள்.

ஆனால் அன்றிலிருந்து அவள் வீட்டிலும் புருவத்தைத் தூக்குவதில்லை. எனக்கும் சட்டம் போட்டுவிட்டாள். "வாயத் தெறந்து சொல்லுப்பா, புருவம் செல்லாது." அவளுக்கு அப்படியே உன் புருவம், நெய்மோன். அது சும்மா கிடப்பதைப் பார்க்க மனசு வலிக்கிறது.

நீ போய் எட்டு மாதம். தினமும் சாப்பிட உட்கார்ந்ததும், கிறிஸ்துமஸுக்கு அம்மா வருவாங்களா என்று கேட்பாள். இத்தனை நாள் புருவத்தைத் தூக்கிவிட்டுச் சோறு போட்டுவிடுவேன். இப்போது வாயால் சொல்லச் சொல்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வேன்?

அம்மாவை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கமாட்டேன். பயணம் தாங்குவாரென்றால் அவரையும் கூட்டி வா. முன்னறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். வர முடியாதென்றால் எனக்குத் தனியாக எழுது. வருவதாக இருந்தால் லிஜோன் பெயருக்கு, நம் மொழியில், பெரிய எழுத்தில் ஆமாம் என்று மட்டும் எழுது. அவள் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிக்கட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

கடவுள் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன்,
ஜோர்லாங்