பூனை எங்கிருந்து வந்தது

அன்புள்ள பாப்பு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் போனில் பேசும்போது அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார், ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பமாட்டார், காது முழுக்க இங்கேதான் இருக்கும். அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது, அதனால் ஆஸ்பத்திரி லேபில் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பக்கத்தில் நர்ஸ் உட்கார்ந்துகொண்டு யாருக்கு யாருக்கு என்று முழங்கையை இடித்துக்கொண்டே இருக்கிறாள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்கு இப்போது தெரியும். இத்தனை வருடமாக யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று முடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன், மேலே கேட்டால் விழிக்க வேண்டுமே. இப்போது எங்கள் லேபுக்குப் புது சாப்ட்வேர் வருகிறது. அதை எழுதுவதற்கு முன்னால் இங்கே எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்காக ஒரு பெண் வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே சிஸ்டம் அனலிஸ்ட். இங்கே வேலை செய்யும் எங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று சொல்லி, எங்களையே தரவு ஓட்டப் படம் போடவைக்கிறாள். எதைச் சொன்னாலும் உடனே ஒரு வட்டம் போடுவதால் வட்டம் மேடம் என்று பெயர் வைத்துவிட்டோம். அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொள்வதில்லை. அவள் சாக்பீஸைப் பிடிக்கிறபோதெல்லாம் உன் ஞாபகம் வந்து பாதிப் பாடம் காதில் விழுவதில்லை.

முதல் நாள் எங்கள் லட்சணத்தைக் கேள். நான் ரத்தம் எடுக்கும் டியூப், அதை அடுக்கும் தட்டு, தூக்கிக்கொண்டு போகிற அட்டெண்டர், அவர் ஏறுகிற படிக்கட்டு எல்லாவற்றையும் வரைந்து, டியூபுக்கு சிவப்பு வேறு அடித்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான், நர்ஸ் ஊசியே போட்டிருந்தாள். வட்டம் மேடம் பொறுமையாக, டியூப் நகர்வது இந்தப் படத்தில் வராது, டியூபின்மேல் ஒட்டியிருக்கிற விவரம் நகர்வதுதான் வரும் என்றாள். யார் தூக்கிப் போனார், எந்த நேரத்தில் போனார் என்பதெல்லாம் கணக்கில் இல்லையாம். அட்டெண்டருக்கு முகம் சுருங்கிவிட்டது, "அப்ப நான் எதுக்கு மாடி ஏறி இறங்கறேன்" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், சிரிக்காமல் படித்து, தப்பிருந்தால் திருத்து. முதலில் லேப் முழுவதையும் ஒரே ஒரு பெரிய வட்டமாகப் போட்டுவிட வேண்டும். நோயாளியும் டாக்டரும் வெளியாட்கள், அவர்கள் நம் பேச்சைக் கேட்கப்போவதில்லை, அதனால் அவர்களுக்குப் பெட்டி. டாக்டரிடமிருந்து சீட்டு வருகிறது, நம்மிடமிருந்து ரிப்போர்ட் போகிறது, அதற்கு அம்பு. அம்பை மொட்டையாக விடக்கூடாது, என்ன போகிறது என்று அதன்மேல் எழுத வேண்டும். பிறகு அந்தப் பெரிய வட்டத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன வட்டங்கள், பெயர் பதிவது ஒன்று, பரிசோதிப்பது ஒன்று, சரிபார்ப்பது ஒன்று. தகவல் போய்த் தங்குகிற இடத்துக்கு இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டுக்குள் இருக்கிறது தானாக எழுந்து இன்னொன்றுக்குள் போகாது, நடுவில் யாராவது எடுத்து வைக்கிற வேலை ஒன்று இருந்தே ஆக வேண்டும். எனக்குப் பிடித்தது என்னவென்றால், வட்டத்துக்குள் போவது ஏதாவது மாறித்தான் வெளியே வர வேண்டும், போனது போனபடியே வந்தால் அந்த வட்டம் தண்டம். போய்க்கொண்டே இருந்து ஒன்றும் வெளியே வராத வட்டம் விழுங்குகிற வட்டம், அதுவும் தப்பு. இதைக் கேட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் உன் அப்பாதான் கண்முன் வந்தார். ஒன்றுமே உள்ளே போகாமல் வெளியே மட்டும் வந்தால் அதற்கு மாயாஜாலம் என்று பெயராம், அது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு.

இனிமேல்தான் விஷயம். போன வாரம், ஆபீஸ் வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறு எதையாவது வரைந்து வாருங்கள் என்றாள். நர்ஸ் சீட்டுக் கம்பெனி வரைந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது நம் வீட்டுச் செய்திதானே, அதை வரைந்தேன். நீ ஒரு பக்கம் பெட்டி. அப்பா இன்னொரு பக்கம் ஒரு வட்டம். நடுவில் நான். நீ புறப்பட்ட அன்று வாசலில் நின்று "போறவ எனக்கு போன் பண்ண வேண்டாம், நானா கூப்பிடற வரைக்கும் வரவும் வேண்டாம்" என்று அவர் சொன்னாரே, நீயும் சரியென்று செருப்பை மாட்டினாயே, அன்றிலிருந்து இரண்டு வருடமாக இதுதானே என் உத்தியோகம். அவர் வேலை பார்க்கும் லிப்ட் கம்பெனியில் உனக்குச் சொல்லி வைத்த வேலையை நீ வேண்டாமென்றுவிட்டுப் போனதில் அவருக்குக் கோபம், நீ போகும்போது அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று உனக்குக் கோபம். அவர் "உன் பொண்ணு இன்னும் ராத்திரி முழிச்சு கண்ணைக் கெடுத்துக்கறாளா" என்பார், நான் உன்னிடம் "அப்பா உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்" என்பேன். நீ "அவருக்கென்ன, லிப்ட் நல்லா இருந்தா போதும்" என்பாய், நான் அவரிடம் "வேலை அதிகமான்னு கேட்டா" என்பேன். என் வட்டத்துக்கு, சொன்னதை மாற்றிச் சொல்லுதல் என்றே பெயர் எழுதினேன். வட்டம் மேடம் விழுந்து விழுந்து சிரித்து, வகுப்பிலேயே ஒழுங்கான வட்டம் இதுதான் என்றாள். ஆனால் ஒன்றை மட்டும் நான் மாற்றியதில்லை பாப்பு. "அப்பா கூப்பிடட்டும், வர்றேன்" என்று நீ ஒவ்வொரு முறையும் சொல்வாய். அவர் கூப்பிட்டதாக ஒரு பொய் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? நாக்கு நுனிவரை வந்து விழுங்கியிருக்கிறேன். அது அவர் வாயால் வர வேண்டியது.

படத்தில் கீழ்வீட்டுத் தையல்காரரையும் ஒரு பெட்டியாகப் போட்டிருந்தேன், அப்பா வாயிலிருந்து செய்தி போகிற ஒரே இடம் அவர்தானே. அந்த அம்பில் பூனை என்று எழுதினேன். ஏனென்றால் அன்றைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் படியில் என்னை நிறுத்தி, "உங்க பொண்ணு பூனை வளர்க்கறாளாமே, அதுக்கு மெக்கானிக்னு பேராமே, அண்ணன் பெருமையா சொன்னாரு" என்றார். அப்பா வழக்கம்போல் அளந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நம் வீட்டில் எறும்பைக்கூட ஒட்ட விடாத என் மகள் பூனை வளர்ப்பாளா? வட்டம் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த அம்பைச் சுழித்தாள். "இவருக்கு உள்ள வர்ற அம்பு ஒண்ணுதான் இருக்கு, அது உங்ககிட்ட இருந்து வருது. உங்ககிட்ட பூனை இல்ல. அப்ப பூனை எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவர் சும்மா அளக்கிறார் என்றேன். இருக்கலாம், ஆனா படத்துல அப்படி வந்தா நாம ஏதோ ஒரு அம்பை விட்டுட்டோம்னு அர்த்தம், போய்த் தேடிப் பாருங்க என்றாள். நானும் சிரித்துக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து குப்பைக் கூடையைத் தொடாத மனுஷன், கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் தானே எடுத்துக்கொண்டு கீழே போகிறார். பாதிகூட நிறையாத கூடையையும் பிடுங்கிக்கொண்டு போவார். எனக்கு வயசாகிவிட்டதென்று இப்போதாவது தெரிந்ததே என்று நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன், என் புத்தியை என்ன சொல்ல. மறுநாள் அவர் போனதும் மெல்லப் பின்னாலேயே போய்ப் படிக்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் காலிக் கூடை, ஒரு கையில் போன், வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "மெக்கானிக் சாப்பிட்டானா" என்று கேட்டது காதில் விழுந்தது. லிப்ட் மெக்கானிக் இவர், தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறாரா என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். பிறகுதான் பூனை ஞாபகம் வந்தது. உனக்கும் அவருக்கும் நடுவே நானில்லாமல் ஒரு அம்பு போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. மேலே வந்து அடுப்பில் பாலை வைத்தேன். அவர் வந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்றேன். லிப்ட் வரலையாம். இருப்பது முதல் மாடி, லிப்டைப் பழுது பார்ப்பதும் இவரே, சாவியும் இவர் இடுப்பில்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், முதலில் அப்படியொரு சந்தோஷம், பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். துடைக்கும்போதே அழுகை வந்தது. என்னிடம் சொல்லவில்லையே என்று. பூனை வளர்ப்பதைக்கூடச் சொல்லவில்லை, அம்மா கத்துவாள் என்று பயம்தானே? கத்தியிருப்பேன், வாஸ்தவம். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் இரண்டு பக்கமும் சுமந்தவளை ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையிலிருந்து நிறுத்தினதுபோல் இருந்தது. அதிலும் பார், வேலை போனது தெரியாமல் நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை "அப்பா கேட்டார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீயும் ஒன்றும் தெரியாதவள்போல் "அப்படியா" என்கிறாய். நல்ல நடிகை. அவர் முதலில் இறங்கிவந்தது எனக்குத் தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிறார், நீ அவருக்காக மூடி வைக்கிறாய், எனக்குப் புரிகிறது கண்ணே. ஒருநாள் முழுக்க வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். இப்போது இல்லை.

நேற்று படத்தைத் திருத்திக் கொண்டுபோனேன். அப்பாவின் வட்டத்திலிருந்து உனக்கு நேராக, உன்னிடமிருந்து அவருக்கு நேராக, அழகாக இரண்டு அம்பு போட்டிருந்தேன். வட்டம் மேடம் பார்த்துவிட்டு, "இதுல உங்க வேலை எதுவும் இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் அப்பாவும் வெளியாள்தான், பெட்டியாக மாற்றுங்கள் என்றாள். இரண்டு வெளியாட்கள் தங்களுக்குள் நேராக என்ன கொடுத்து வாங்கினாலும் அது நம் படத்தில் வராதாம், அந்த அம்பை அழித்துவிட வேண்டுமாம். இருக்கிறதுதானே, ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டேன். "இருக்கும்மா, நல்லாவே இருக்கும். அது நம்ம கணக்கு இல்ல, அவங்க கணக்கு" என்றாள். ரப்பரை வாங்கி நானே அழித்தேன்.

அதனால் இதைக் கவனமாகக் கேள். எனக்குத் தெரியும் என்று அவரிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் வெட்கப்பட்டு மறுபடி வாயைப் பூட்டிக்கொள்வார், குப்பையும் என் தலையில் விழும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு, அவர் "உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்று ஆரம்பிக்கும்போது, நீங்களே சொல்லுங்கள் என்று போனை அவர் கையில் திணித்துவிட்டு நான் குளிக்கப் போய்விடுவேன். இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் பேசுவதுபோல் நீயும் கொஞ்சம் தடுமாறு. கதவுக்குப் பின்னால் நின்று கேட்கமாட்டேன், தண்ணீரைத் திறந்துவிட்டே குளிப்பேன்.

இன்னொன்று. உன் அறையில் இரண்டு வருடமாகக் கம்பியும் கப்பியும் பல்சக்கரமுமாக அடைத்து வைத்திருந்தாரே, அத்தனையையும் முந்தாநாள் தூக்கி வெளியே போட்டு, தரையைத் துடைத்து, ஜன்னல் கீலுக்கு எண்ணெய் விட்டார். எதற்கு என்றேன், சும்மா இடைஞ்சலாக இருந்ததாம். அவர் கூப்பிட்டுவிட்டாரா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ சொல்லவும் வேண்டாம்.

வெந்நீர் குடி, ராத்திரி வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, நான் கொடுத்தனுப்பிய போர்வையைப் பூனைக்குப் போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இரு. எந்தச் செய்தியும் முதலில் எனக்குத்தான் வர வேண்டும் என்று இத்தனை நாள் அடம்பிடித்தேன், இது ஒன்று மட்டும் எனக்குக் கடைசியாகத் தெரியட்டும். என்றைக்கு வருகிறாய் என்று அவரிடம் மட்டும் சொல். நான் மணிச்சத்தம் கேட்டு, பால்காரர் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்
உன் அம்மா