கொடி நேராக, வீடு சாய்வாக

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை பத்தேகால் மணிக்கு ஒரு முடிவெடுத்தேன். பதினோரு ஆண்டுகளாகத் தரையை வைத்து, விற்பனைக்கு வரும் வீடுகளின் படங்களை நேராக்கிவந்த நான், இனிமேல் கதவு நிலையை வைத்து நேராக்குவேன். இந்தோனேசியாவில், செமாராங் நகரின் வடக்குக் கரையில் தரை என்பது ஒரு அபிப்பிராயம் மட்டுமே. கடல்நீர் உள்ளே வரும்போதெல்லாம் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். கொட்டிய மண் தனக்குப் பிடித்த பக்கம் இறங்குகிறது. கதவு நிலைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வீடு சாயும் பக்கம்தான் அதுவும் சாயும். ஆகவே நிலையை நிமிர்த்தினால் வீடு நிமிரும்.

வீடு விற்றுக்கொடுக்கும் எங்கள் நிறுவனத்தின் முதலாளி பாக் ஹெர்லம்பாங்கிடம் இதை, ஐயா என்பதற்கு 'பாக்' போட்டு, முறைப்படி தெரிவித்தேன்.

"படத்துல வீடு நேரா இருக்கா, மாஸ் துன்? அப்ப வெப்சைட்டுல ஏத்து" என்றார், அண்ணன் என்பதற்கு 'மாஸ்' போட்டு.

ஆகஸ்ட் 6, புதன்

மூன்றாம் சந்து, ஒன்பதாம் எண். சாய்வு 1.8 டிகிரி. திரையில் பட்டையைத் தள்ளினேன். வீடு எழுந்து நின்றது. படத்தைச் சுழற்றினால் மூலைகள் வெட்டுப்படும். இடது மூலையில் மதில் விரிசல் ஒன்று இருந்தது. அதுவும் போயிற்று. மொத்தம் முப்பது வினாடி. கொத்தனார்கள் எதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களோ.

ஆகஸ்ட் 7, வியாழன்

மனைவி ரெத்னோவின் தங்கை கினாசி சாப்பிட வந்திருந்தாள். சுகாதார நிலையத்தில் நர்ஸ். கணவன் போன பிறகு ஒன்பது ஆண்டாக மகளோடு ஒற்றை வாடகை அறை. சேர்த்து வைத்திருப்பது ஒரு வீட்டுக்குத்தான் காணும். இரண்டாவது முறை தவறு செய்ய மிச்சமிருக்காது.

கைபேசியை என் தட்டுக்கு மேல் நீட்டினாள்.

"இதப் பாருங்க, மாஸ். எவ்ளோ நேரா நிக்குது! நம்ம கரையில இப்படி ஒரு வீடு!"

ஒன்பதாம் எண்.

"உங்க ஆபீஸ் வீடுதானே? பாத்திருக்கீங்களா?"

"படத்துல பாத்தேன்" என்றேன். பொய்யில்லை.

"அவர்கிட்டப் போய்க் கேக்குறியே" என்றாள் ரெத்னோ. "இந்த வீட்டுத் தரைய மூணு தடவ ஏத்தினாரு. கூரைய ஏத்தணும்னு தோணல. நான் சமையல்கட்டுல குனிஞ்சே நிக்கிறேன். கேட்டா, மரியாதையா இருக்குங்கிறாரு."

சாப்பிட்டதும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் பணம் போகும். ஏன் வாயைத் தெறக்கல நான்? வாயில சோயா தெம்பே துண்டு இருந்துச்சு — அதானா காரணம்? விழுங்கி எவ்ளோ நேரமாச்சு?

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேருந்து சாய்ந்து வந்தது. எப்போதும் அப்படித்தான் வருகிறதா, இன்றுதான் நான் பார்க்கிறேனா?

ஆகஸ்ட் 11, திங்கள்

சுதந்திர தினம் நெருங்குகிறது. வீட்டுக்கு வீடு மூங்கில் நட்டுக் கொடி கட்டியாயிற்று. கொடியோடு இருந்தால் படத்துக்கு ஒரு களை என்று முதலாளி ஒன்பதாம் எண்ணைப் புதிதாக எடுக்கச் சொல்லியிருந்தார். படத்தைத் திறந்தேன். வாசலில் புது மூங்கில், தூக்குக்குண்டு பிடித்து நட்டதுபோல் நேராக. பின்னால் வீடு, பேருந்தில் தூங்கி விழுகிறவரைப்போல.

வீட்டை நிமிர்த்தினேன். கொடிக்கம்பம் சாய்ந்தது.

"கம்பத்த அழிச்சிடு" என்றார் முதலாளி.

"தேசியக் கொடியையா, பாக்? ஆகஸ்ட் மாசத்துலயா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுய்யா. சரி, சாஞ்சே இருக்கட்டுமே."

"கொடிதானே, உங்க இஷ்டம். மேல்மாடியில ரிட்டயர்டு கர்னல் இருக்காரு. தினமும் நம்ம படங்கள ஒண்ணு விடாமப் பாக்குறாரு."

முதலாளி தேநீர் ஆறும்வரை யோசித்தார். "கொடி நேரா இருக்கட்டும். வீடு அது பாட்டுக்குப் போகட்டும்."

பழைய படத்தையே விட்டுவிடலாம் என்று நான் நினைவூட்டவில்லை.

பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு வீடு உள்ளபடி ஏறியது. கினாசி பார்ப்பாள், விட்டுவிடுவாள். நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. இதைத் துணிச்சல் என்று சொல்லலாமா?

ஆகஸ்ட் 13, புதன்

நான்கு அழைப்புகள். மூன்று பேர், படமெடுத்தவருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். நான்காமவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். வீட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. கினாசியிடமிருந்தும் செய்தி இல்லை. நல்லது. நல்லதுதானே?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கினாசி முன்பணம் கொடுத்துவிட்டாள். நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது ரெத்னோ சொன்னாள். அப்படியே சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். கினாசி குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். தாய்மார் வரிசையில் நின்றுதான் அவளை அடைய முடிந்தது.

"அந்த வீடு சாஞ்சிருக்கு, கினாசி. மொதப் படத்த நான்தான் நிமிர்த்தினேன்."

"தெரியும், மாஸ்."

"எப்படி?"

"ரெண்டாவது படத்துல கொடி நேரா நிக்குது, வீடு சாயுது. எனக்கென்ன கண்ணு இல்லையா? — கைய ஆட்டாதடா தங்கம், முடிஞ்சிருச்சு — நேர்ல போய்ப் பாத்தேன். ஒரே பக்கமாத்தான் சாயுது. எதிர்வீட்டம்மா ஆறு வருஷமா இது எவ்ளோ சாயுதுன்னு தன் தூண்ல கோடு கிழிச்சு வெச்சிருக்கா. நாலு வருஷமா இந்த வீடு அசையலயாம். மத்த வீடெல்லாம் படத்துல நட்டமா நிக்குதே, அதுங்க எந்தப் பக்கம் சாயுதுன்னு யாரு சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

பின்னால் நின்ற தாய்க்கு வழிவிட்டேன்.

"படத்தப் பாத்துட்டு வேற யாருமே வரல. வீட்டுக்காரர் கால்வாசி கொறைச்சிட்டாரு." அடுத்த ஊசியை எடுத்தாள். "சட்டப் பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க. அடுத்தது யாரு?"

நடந்தே திரும்பினேன். நிம்மதியா இருக்கணும். இல்லையே. பதினோரு வருஷத்துல எத்தனை வீடு? எத்தனை பேர் வாங்கினாங்க? ஒருத்தர் பேராவது எனக்குத் தெரியுமா?

ஆகஸ்ட் 28, வியாழன்

முதலாளி அறைக்குள் அழைத்து நாற்காலி போட்டார். இரண்டு வருடமாக விலைபோகாத ஒன்பதாம் எண் எட்டே நாளில் போயிருக்கிறது. பத்திரம் எழுதும்போது காரணம் கேட்டாராம். "சாஞ்ச படத்தப் பாத்துத்தான் நம்பினேன், பாக்" என்றாளாம் கினாசி. அதை வைத்து இரண்டு நாள் யோசித்திருக்கிறார்.

"ஜனங்களுக்கு நம்பிக்கை வேணும், மாஸ் துன். நாம குடுக்கல, அவ்ளோதான்."

இன்று பதினேழு வீடுகளைச் சாய்த்தேன். எல்லாமே ஒன்றரை டிகிரி, இடப்பக்கம். நான்கு வீடுகள் மேட்டுப் பகுதியில் பாறைமேல் கட்டியவை.