அடுத்தவளுக்காகப் பேசச் சொன்ன மதினிக்கு

மதினி,

இன்று காலை அடுக்களையில் ஈர விறகு புகைந்தது. கண் எரிந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் கண்மூடி ஒரு சித்திரை கழிந்தாயிற்று. உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி மட்டும் எனக்குள் அப்படியே இருக்கிறது. அடுத்தவளுக்காகப் பேசவைக்கும் அந்த யுக்தியை எங்கே கற்றீர்கள்?

ஆற்று வெள்ளம் வடிந்ததும் ஊருக்குள் வாந்திபேதி வந்ததே, அந்தக் கார்த்திகை. ஆண்களில் பாதிப் பேர் படுக்கையில். மற்றவர்கள் வைத்தியர் வீட்டுக்கும் மயானத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தார்கள். தெருப் பெண்கள் நம் வளவு முற்றத்தில் கூடினோம். காய்ந்த விறகு கொஞ்சம். தெம்புள்ள கைகள் அதைவிடக் கொஞ்சம். எதை முதலில் செய்வது? பாளையங்கோட்டைக்கு வண்டி அனுப்பி இங்கிலீஷ் மருந்து வாங்கவேண்டும் என்றேன் நான். வீடு வீடாகக் கஞ்சி கொடுக்கலாம் என்றாள் கோமதி. அம்மனுக்குப் பொங்கலிடாமல் எதுவும் அடங்காது என்று இசக்கியம்மாள் ஒரே பிடியாக நின்றாள். ஒருத்தி பேச்சு இன்னொருத்தி காதில் ஏறவில்லை.

அப்போது நீங்கள் குறுக்கிட்டீர்கள். "ஏட்டி, கொஞ்சம் சும்மா இருங்க. அவுகவுக யோசனைய விட்டுருங்க. பக்கத்துல இருக்கவ சொன்னதுக்குப் பரிஞ்சு பேசுங்க, பாப்போம்."

இசக்கிக்காக நான் பேச வேண்டியதாயிற்று. "எனக்கு அதுல நம்பிக்கை இல்லையே மதினி."

"ஒன்னய நம்பவா சொன்னேன்? அவ ஏன் கேக்கான்னு யோசிச்சுச் சொல்லு."

வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பொங்கல் என்றால் தெருவே ஓரிடத்தில் கூடும், ஒரே அடுப்பு, கோயிலின் பெரிய அண்டாக்கள்... சொல்லிக்கொண்டு வரும்போதே கோமதியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த அடுப்புலயே எல்லாருக்கும் தண்ணி காய்ச்சிரலாமே!" என்றாள் கோமதி.

அன்றே அண்டா ஏறியது. முதலில் குடிதண்ணீர், பிறகு கஞ்சி, நோய் தணிந்தபின் பொங்கல் என்று முடிவாயிற்று. மருந்துக்கு வண்டி மறுநாள் போனது. தெருவில் புதிதாகப் படுப்பவர்கள் குறைந்தார்கள்.

நாங்கள் மூச்சுவிட்டபோது நீங்கள் மறுபடியும் கூட்டினீர்கள். "நாம எத விட்டுட்டோம்?" நீங்களே வாய்க்கால் பக்கம் கைகாட்டினீர்கள். "வாய்க்காலுக்கு அங்கன இருக்கவங்கள இந்தக் கோயில் வாசலுக்கு வர விடுவாங்களாட்டி?"

இசக்கிதான் முதலில் எழுந்தாள். அண்டாவின் ஒரு காதை அவள் பிடித்தாள், மறுகாதை நீங்கள். வாய்க்காலின் அக்கரையில் இன்னோர் அடுப்பு மூண்டது. அங்கிருந்த ஒருத்தி உங்களை நேராகப் பார்த்து, "இம்புட்டு நாளா ஒங்க பொகை மட்டுந்தான் இங்கன வந்துச்சு" என்றாள். அதற்குள் அங்கே சில உயிர்கள் போயிருந்தன. நீங்கள் குனிந்து அடுப்பை ஊதினீர்கள். கோயில் பாத்திரத்தைக் கடத்தியதற்குத் தெருவே ஏசியது. அண்ணன் பல நாள் உங்களோடு பேசவில்லை.

இப்போது ஊரில், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதலிலா, இடிந்த படித்துறை முதலிலா என்று பேசுகிறோம். அடுத்தவளுக்காகப் பேசச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள், பிறகு பேசுகிறார்கள். சென்ற வாரம் பேச்சு முடிவாகி எல்லோரும் எழுந்தபோது, "இங்கன வராதவ யாரு?" என்று கேட்டேன்.

எழுந்தவர்கள் திரும்பவும் உட்கார்ந்தார்கள், மதினி.