குறுக்கே பேசாத ஊர்

என்னங்க,

"இங்க இல்லாத எதை அங்க கண்டுட்ட?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, வெந்நீர் வைக்க ஒரு கெட்டில். சம்பளமும் ஆஹா ஓஹோ என்றில்லை.

என்னிடம் ஆங்கிலம் படிக்கிறவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். நேற்று வகுப்பில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் திணறினார். பக்கத்திலிருந்த நர்ஸ் முடித்துக்கொடுக்க வாயெடுத்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். வகுப்பே மூச்சுக் காட்டாமல் காத்திருந்தது. மனிதர் வியர்த்து விறுவிறுத்து, தப்பும் தவறுமாக, தானே சொல்லி முடித்தார். நான் பேசும்போதும் இவர்கள் இப்படித்தான் காத்திருக்கிறார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

அன்று போனில், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "டிக்கெட் போட்டுட்ட, அதானே? வந்து பேசிக்கலாம்" என்று நீங்களே முடித்து, போனை அத்தையிடம் கொடுத்துவிட்டீர்கள். அவரும் நம் அறையைத் தூசி தட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

அதனால்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது டிக்கெட் இல்லை. இன்னும் இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
சொல்லி முடித்த
உங்கள் வீட்டுக்காரி